பொலித்தீன் கழற்றாத ஆர்மோனியம்

கலைக்கு அரசாங்கம் உதவி செய்யும் ஊர் எதுவானாலும் அங்கே ஒரு மனித இனத்தை நீங்கள் காணலாம். மானியக் காவலர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இவர் கலைஞர் அல்லர். கலைக்கு எதிரியும் அல்லர். கலைக்கென்று அரசாங்கம் கொடுத்த பொருளைக் கலைஞர்களிடமிருந்து காப்பாற்றுகிறவர்.

அடையாளம் காண்பது எளிது. உதவிப் பொருள் வழங்கும் நாளில் வெள்ளை வேட்டியோடு முதல் வரிசைக் கதிரையில் இருப்பார். ஒரு கையால் பொருளையும் மறு கையால் அதிகாரியின் கையையும் பிடித்தபடி படத்துக்கு நிற்பார். வீட்டுக்கு வந்ததும் பொருளைப் பொலித்தீனால் சுற்றி, மூலைகளுக்கு டேப் ஒட்டி, உள்ளே பூச்சி உருண்டை போட்டு, சாமி அறையில் ஏற்றி, வெள்ளிக்கிழமை தோறும் அதற்குச் சந்தனப் பொட்டும் வைப்பார். அதோடு கலை வளர்ந்துவிடும்.

கனகராயன்குளத்தில் இந்த இனத்தின் பிரதிநிதி எங்கள் கலாமன்றத் தலைவர் நல்லதம்பி. நல்ல மனிதர். இதற்கு மேல் புகழ எனக்கு வராது. நெல் விதைக்கிறவர், மூட்டைக்குள் பத்திரமாகக் கிடக்கும் விதைநெல் ஒருநாளும் முளைக்காது என்று அறிந்தவர். அந்த அறிவு வயலோடு நின்றுவிட்டது. பொருளின் சாரம் அதன் பயனில் இருக்கிறது என்று எழுதிய தத்துவவாதிகள் யாரும் அவருடைய சாமி அறையைப் பார்த்ததில்லை. அங்கே மன்றத்துக்குக் கிடைத்த ஆர்மோனியம் இரண்டு வருடமாக மௌன விரதம் இருந்தது.

இப்படியிருக்கப் பிரதேச கலாசார விழாவுக்குக் கூத்துப் போட்டி அறிவித்தார்கள். பதிவுசெய்த இசைக்கு இடமில்லை. மேடையிலேயே வாசிக்க வேண்டும். முதலிடம் பெறும் மன்றம் மாவட்டப் போட்டிக்குப் போகும். ஊரில் ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவள் முன்பள்ளி ஆசிரியை சுதாஜினி ஒருத்திதான். அவள் தலைவர் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணை, பழக ஒருக்கா ஆர்மோனியத்தைத் தாங்கோவன்."

"மழைக்காலம் பிள்ளை. ஈரம் பட்டால் குரல் போயிடும்."

மழை விட்டது. மறுபடியும் போனாள்.

"இப்ப அருவி வெட்டு. ஊரெல்லாம் தூசு."

அறுவடையும் முடிந்தது.

"அரசாங்கச் சாமான் பிள்ளை. ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

"வாசிக்காமல் வைச்சிருக்கிறதுக்கு ஆரண்ணை பதில் சொல்லுறது?"

"விழா அண்டைக்குத் தாறன். அண்டைக்கு வடிவாய் வாசி."

சுதாஜினி மேசையில் வெண்கட்டியால் கட்டைகளைக் கீறி, விரலால் அமுக்கி, சுரத்தை வாயால் பாடிப் பழகினாள். கூத்தில் ராசா வேடம் கட்டுகிற பேச்சியம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "பிள்ளை, இண்டைக்கு மேசை நல்லாச் சுருதி சேர்ந்திருக்கு. நாளைக்குக் கதிரையையும் ஒருக்காப் பார்" என்றார்.

விழா நாள் வந்தது. ஆர்மோனியம் உழவு இயந்திரப் பெட்டியில் தலையணை மேல் வந்தது. வானத்தில் ஒரு முகிலும் இல்லை. ஆனாலும் பக்கத்தில் இருந்து நல்லதம்பி அதற்குக் குடை பிடித்தார். மேடையில் வைத்தார்கள். திரை விலகியது. சுதாஜினியின் கை டேப்புக்குப் போனது.

"கழட்டாதை பிள்ளை" என்றார் தலைவர், மேடையின் ஓரத்தில் நின்று. "மேலாலை வாசி."

"துருத்தி திறக்காட்டிச் சத்தம் வராதண்ணை."

"மெல்லமாய் வாசி. வரும்."

வரவில்லை. முதல் வரிசையில் நடுவர்கள் பேனையைத் திறந்தபடி இருந்தார்கள். அதற்குள் ராசா கொலுவுக்கு வந்துவிட்டார். பாட்டு இல்லாமல் ராசா எவ்வளவு நேரம் நிற்பார்? பேச்சியம்மா ஆர்மோனியத்தைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். சபையைப் பார்த்துக் கேட்டார்:

"மந்திரி, எங்கட நாட்டிலை பாட்டை மறியலிலை பூட்டி வைச்சது ஆர்?"

மந்திரிக்கு இந்த வசனம் தெரியாது. ராசா தகர வாளை உருவினார். பொலித்தீனை மேலிருந்து கீழாகக் கிழித்தார். பூச்சி உருண்டைகள் மேடையெங்கும் உருண்டன. சுதாஜினி துருத்தியைத் திறந்தாள். சத்தம் வந்தது. நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு கட்டை இருமியது. ஆனால் இருந்தது. இரண்டு வருடமாக இல்லாமல் இருந்தது அதுதான்.

சனம் விசிலடித்தது. முதலிடமும் கிடைத்தது. "பொலித்தீனைக் கிழிக்கும் காட்சி புதுமையான உத்தி. மாவட்டத்திலும் அவசியம் இடம்பெற வேண்டும்" என்றார் பிரதம நடுவர்.

மறுநாள் காலை சுதாஜினி துள்ளிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள். இனி என்ன தடை? சாமி அறையில் நல்லதம்பி நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார். மடியில் ஆர்மோனியம். பக்கத்தில் புதுப் பொலித்தீன், முந்தியதைவிடத் தடிப்பு.

"என்னண்ணை இது?"

"நடுவர் சொன்னதைக் கேட்டனிதானே பிள்ளை? காட்சிக்குப் பொலித்தீன் வேணும்." பல்லால் டேப்பைக் கடித்து அறுத்தார். "முந்தி நான் மட்டும் சொன்னனான். இப்ப மேலிடமும் சொல்லுது."

சுதாஜினி திரும்பவும் மேசைக்குப் போனாள். பேச்சியம்மா வாளைத் தீட்டக் கொடுத்திருப்பதாகக் கேள்வி.

நல்லதம்பியைப் பார்த்து நீங்கள் சிரிப்பது சரி. இதை வாசித்து முடித்ததும் தொலைக்காட்சியைப் போடுவீர்கள்தானே? ரிமோட்டைக் கையில் எடுங்கள். விரலுக்கு அடியில் ஏதாவது சரசரக்கிறதா? அப்படியென்றால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். பேச்சியம்மா உங்கள் வீதியாலும் போகிறவர்.