ஞானஸ்நானத்துக்குப் பிந்திப்போன ஞானத்தகப்பன்

இயேசு மரி சூசை துணை

மல்வேர்ன், ரொறன்ரோ
மாசி 1995

கனம் பொருந்திய என் மைத்துனர் சீமோன் அவர்களுக்கு,

உம்முடைய தங்கை வேரோனிக்காவும் அடியேனும் இந்தப் பனிக்குள்ளே உயிரோடும் ஓரளவு சூட்டோடும் இருக்கிறோம். கொழும்பில் நீரும் வீட்டாரும் அதைவிடக் கூடிய சூட்டோடு சுகமாக இருக்க மாதா அருள்புரிவாராக.

நிற்க. உம்முடைய மகள் ஜோசப்பின் இதற்குள் தொலைபேசி எடுத்து அழுதிருப்பாள். உம்முடைய பேரனுக்கு ஞானத்தகப்பனாக நிற்க வேண்டிய நான் ஞானஸ்நானத்துக்குப் பிந்தி வந்தேன் என்று சொல்லியிருப்பாள், அது மெய். பனிச் சப்பாத்தோடு பீடம் வரைக்கும் ஓடினேன் என்றிருப்பாள், அதுவும் மெய். முன்பின் தெரியாத மூன்று கறுப்பினத்தவரைக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு வந்தேன் என்பதும் மெய்தான். ஆனால் நான் குடித்திருந்தேன் என்று சொன்னால் அதை மட்டும் நம்பவேண்டாம். முகம் சிவந்திருந்தது சந்தோசத்தால். மச்சான், அறுபது தாண்டிய வயதில், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற நீக்கிலாப்பிள்ளை ரிவியில் பேசிவிட்டு வந்த சந்தோசம் அது! ஆறுதலாக இருந்து வாசியும்.

அன்று சனிக்கிழமை காலமை, ஞானஸ்நானத்துக்கு முதல், குழந்தைக்குச் செய்யக் கொடுத்திருந்த சங்கிலியை எடுக்க நாங்கள் பார்க்டேலுக்குப் போனோம். நான் கோட் சூட். வேரோனிக்கா கூறைக்கு அடுத்த நல்ல சேலை, அதற்குமேல் என்னுடைய பழைய குளிர்க்கோட். திரும்பி ரயிலில் வந்து கெனடி ஸ்ரேசனில் இறங்கி பஸ் ஏறினால், பனி கொட்டுகிறது என்றால் கொட்டுகிறது, யாரோ மேலே இருந்து கோதுமை மாவைச் சாக்கோடு கவிழ்க்கிற மாதிரி. பஸ் ஒரு ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. இனி ஏறாது என்று சாரதி சொல்லிவிட்டார். பக்கத்தில் ஒரு சமூக மண்டபம் தெரிந்தது. ஜோசப்பினுக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுத்துச் சொல்லுவோம் என்று உள்ளே போனோம். வாசலில் பளபளவென்று மஞ்சள் தலைப்பாகை கட்டிய ஒரு கறுப்பினப் பெண்மணி ஓடிவந்து என் கையைப் பிடித்து, "ஸ்ரேசனில இருந்து வாற ஜென்ரில்மன் நீங்கள்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் கெனடி ஸ்ரேசனில் இருந்துதானே வருகிறேன்! "ஓம் மடம், நேரே ஸ்ரேசனில இருந்துதான் வாறன், பஸ் நிண்டுபோச்சு" என்றேன். அந்த அம்மா "கடவுளுக்குத் தோத்திரம்!" என்று கத்தி என்னைக் கட்டிப்பிடித்தார். பொதுப் போக்குவரத்தில் வருகிறவர்களுக்கு இந்த நாட்டில் இவ்வளவு மரியாதையா என்று நான் யோசிப்பதற்குள் மேடையில் ஒரு கதிரையில் இருத்தி, கோட்டில் மைக் குத்தி, முகத்தில் வெளிச்சமும் அடித்துவிட்டார்கள்.

அவர் கேட்ட ஸ்ரேசன் ரிவி ஸ்ரேசன் என்று அப்போதுதான் விளங்கியது. அந்தப் பகுதிக் கேபிள் ரிவிக்காக ஒரு கலந்துரையாடல். கறுப்பின வியாபாரிகள், கதைசொல்லிகள், சனத்துக்காக உழைக்கிறவர்கள் கூடியிருந்து கலாசாரத்தைப் பற்றிக் கதைப்பது. கேள்வி கேட்க வேண்டியவர் எங்கேயோ பனிக்குள் மாட்டுப்பட்டுவிட்டார். நான் எழும்பி உண்மையைச் சொன்னேன் மச்சான், சத்தியமாகச் சொன்னேன். தலைப்பாகை அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அவர் பெயர் யூனிஸ், ஜமேக்காவில் பிறந்தவர், மல்வேர்னில் தலைமயிர் அலங்காரக் கடை வைத்திருக்கிறார். "இண்டைக்குப் பதிவு செய்யாட்டில் எங்கட நேரத்தை வேற ஆருக்கோ குடுத்திடுவினம். இதுக்காக ஒரு வருசமாய் நாயாய்ப் பேயாய் அலைஞ்சனாங்கள்" என்றார். சபையில் கனபேர் பிள்ளைகுட்டிகளோடு, நல்ல உடுப்புகளோடு காத்திருந்தார்கள். முன்வரிசையில் வேரோனிக்கா மணிக்கூட்டைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்து, "சரி மடம், என்ன கேக்கோணும்?" என்றேன். "நீங்கள் வழமையாய் ஆக்களைச் சந்திச்சால் என்ன கேப்பீங்களோ அதையே கேளுங்கோ" என்றார்.

இது எப்படிப்பட்ட ஆபத்தான அனுமதி என்று உமக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் வழமையாக என்ன கேட்பார்கள்?

முதலில் செல்வின் என்பவர். ரினிடாட்காரர், நெடுவல், கதைசொல்லி. "என்ன வேலை பாக்கிறீர்?" என்றேன். "கதை சொல்லுறன்." "அது சரி, சம்பளத்துக்கு என்ன வேலை?" சபை சிரிப்பில் அதிர்ந்தது. அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்ர அம்மாவும் இதைத்தான் கேக்கிறவ" என்றார். பிறகு பார்த்தால் மனிதர் பஸ் ஓட்டுகிறார். பனியில் பஸ் மாட்டுப்பட்டால் சனத்துக்குக் கதை சொல்லுவாராம். எங்கள் பஸ் சாரதி சும்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்து எனக்குக் கவலை வந்தது. ஒரு கதை சொல்லும் என்றேன். அவர் "கிரிக்!" என்றார். சபை முழுக்க "கிராக்!" என்று கத்தியது. என்னுடைய கதிரைதான் உடைகிறதாக்கும் என்று நான் துள்ளி எழும்பிவிட்டேன். அது அவர்கள் கதை தொடங்குகிற முறையாம், சொல்கிறவர் கேட்க, கேட்கிறவர்கள் விழித்திருக்கிறோம் என்று பதில் சொல்லவேண்டுமாம். மச்சான், எங்கள் சுவாமியாரும் பிரசங்கத்துக்கு முதல் இப்படி ஒன்று செய்தால் என்ன?

அடுத்தது பியூலா அம்மையார். வெள்ளைத் தலை, நிமிர்ந்த முதுகு. "எப்ப கனடா வந்தனீங்கள்? அகதிக் கேஸ் பாஸாகீட்டுதோ?" என்று கேட்டேன். அவர் என்னை வடிவாகப் பார்த்தார். "என்ர ஆக்கள் நோவா ஸ்கோஷியாவுக்கு வந்து இருநூறு வருசத்துக்கு மேல. அப்ப கனடா எண்டு ஒரு நாடே இல்லை." நான் வாயைப் பிளந்து, "அப்பிடியெண்டால் உங்களுக்குச் சிற்றிசன் எப்பவோ கிடைச்சிருக்குமே, வாழ்த்துக்கள்!" என்றேன். சபை சிரித்து ஓய இரண்டு மூன்று நிமிடம் ஆயிற்று. அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க இருந்து வந்தனீ எண்டு கிழமைக்குக் கிழமை கேக்கினம். நோவா ஸ்கோஷியா எண்டால், இல்லை, உண்மையா எங்க இருந்து எண்டு திருப்பிக் கேக்கினம். சொன்னதை உடன நம்பி வாழ்த்துச் சொன்ன ஆள் நீங்கள்தான்." எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

கலாசாரம் என்றால் என்ன என்று கட்டாயம் கேட்கவேண்டும் என்றிருந்தார்கள். கேட்டேன். பியூலா அம்மையார் யோசிக்கவே இல்லை. "எங்கட பில்டிங்கில லிஃப்ட் பழுதாய்ப் போனால், மேல்மாடியில இருக்கிற வயசுபோன மனிசிக்கு ஆர் சாமான் தூக்கிக்கொண்டு போகினம்? அதுதான்." அவர் அப்படித் தூக்குகிறவர்களைச் சேர்த்துச் சேர்த்துத்தான் இப்போது அடித்தளத்தில் பிள்ளைகளுக்குப் பாடமும் புதிதாக வந்தவர்களுக்குச் சாப்பாடும் நடத்துகிறார். எங்கள் கலாசாரம் ஐயாயிரம் வருசம் பழையது என்று நான் தொடங்கினேன். "நல்லது. உங்கட பில்டிங்கில ஆர் தூக்கிறது?" என்று கேட்டார். நான் தண்ணீர் குடித்தேன். எங்கள் பில்டிங்கில் ஒரே லிஃப்டில் இவ்வளவு காலம் இந்தச் சனத்தோடு போய்வந்தும் தலையாட்டியதைத் தவிர நான் ஒன்றும் செய்ததில்லை என்பது அந்தத் தண்ணீரோடுதான் உள்ளே இறங்கியது.

யூனிஸ் அம்மாவிடம் வியாபாரத்தைப் பற்றிக் கேட்டேன். கடை எப்படித் தொடங்கியது, வங்கி எப்படித் துரத்தியது, எப்படிச் சிநேகிதிகள் சீட்டுக் கட்டி முதல் கதிரை வாங்கித் தந்தார்கள் என்றெல்லாம் சொன்னார். சீட்டு! மச்சான், அவர்களும் சீட்டுக் கட்டுகிறார்கள், பெயர்தான் வேறு! நான் மகிழ்ச்சியில் தொடையில் அடித்துக்கொண்டிருந்தபோது வேரோனிக்கா முன்வரிசையில் இருந்து, "இஞ்சருங்கோ, அவ கடை போடேக்க பிள்ளையளை ஆர் பாத்தது எண்டு கேளுங்கோ" என்றாள், தமிழில், ரிவிக்கு நடுவே. நான் மொழிபெயர்த்தேன்.

யூனிஸ் வேரோனிக்காவைப் பார்த்துச் சொன்னார்: "நான் இஞ்ச வீட்டு வேலைக்கு வந்தனான். மற்ற ஆக்களின்ர பிள்ளையளைப் பாத்தன். என்ர மகளை அம்மாவோட விட்டிட்டு வந்தனான். கன வருசத்துக்குப் பிறகு பேப்பர் சரிவந்து மகளைக் கூப்பிட்டன். எயர்போட்டில வந்து கை தந்தாள். 'குட் ஆஃப்ரனூன், மடம்' எண்டாள்." அவ்வளவுதான் சொன்னார். வேரோனிக்கா எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப கதைக்கிறவளோ?" என்று தமிழிலேயே கேட்டாள். யூனிஸ் அதை மொழிபெயர்ப்பில்லாமல் விளங்கிக்கொண்டு, "இப்ப வாய் மூடமாட்டாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். நானும் மூக்கை உறிஞ்சினேன், அது மைக்கில் பெரிதாகக் கேட்டது.

அப்போதுதான் எனக்கு ஞானஸ்நானம் நினைவுக்கு வந்தது. "ஐயோ, நான் ஞானத்தகப்பன்!" என்று கமராவைப் பார்த்துக் கத்தினேன். நிகழ்ச்சி அப்படித்தான் முடிந்தது. பியூலா அம்மையார் தன்னுடைய வான் வண்டியில் எங்களை ஏற்றினார், பனியில் பஸ் ஓட்டிப் பழகிய செல்வின் ஓட்டினார், யூனிஸ் வழி முழுக்க வேதப் புத்தகத்திலிருந்து சங்கீதம் வாசித்துக்கொண்டு வந்தார். நாங்கள் கோயிலுக்குள் பாய்ந்தபோது தண்ணீர் ஊற்றி முடிந்துவிட்டது. என்னுடைய இடத்தில் வீடியோக்காரர், தோளில் கமராவும் கையில் மெழுகுதிரியுமாக நின்றார். அவரும் வேதக்காரராம், சுவாமியார் கேட்டதும் மறுக்க முடியவில்லையாம். உம்முடைய பேரன் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தான். செல்வின் பின்வரிசையிலிருந்து மெல்லிய குரலில் ஒரு தாலாட்டு எடுத்தார். பிள்ளை கத்தலை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. சுவாமியாரும் பார்த்தார். ஜோசப்பின் மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

யூனிஸ் அவளிடம் போய் குழந்தையின் வெள்ளைச் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "இது எந்தக் கடையில வாங்கினது?" என்று கேட்டார். "நான் தைச்சது" என்றாள் ஜோசப்பின், கோபம் மாறாமலே. அதற்குப் பிறகு அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. நான் வீடியோக்காரரிடம் மெழுகுதிரியைத் திருப்பித் தரச்சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தேன்.

ஆகையால் மச்சான், நீர் உடனே கோல் எடுத்து அவளைச் சமாதானப்படுத்தும். மாமா இனி மைக் இருக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார், சனிக்கிழமைகளில் குடும்பத்தைத் தவிர வேறு சிந்தனை அவருக்கு இல்லை என்று சொல்லும். பெற்ற தகப்பன் சொன்னால் கேட்பாள்.

திருக்குடும்பத்தின் நிழல் உம் வீட்டின் மேலும், உம்முடைய முழங்கால் வலியின் மேலும் தங்குவதாக.

இங்ஙனம்,
உம்முடைய தங்கையைக் கட்டிய
நீக்கிலாப்பிள்ளை

பி.கு.: முத்திரை ஒட்டப் போகும்போது யூனிஸ் கோல் எடுத்தார். ரிவிக்காரருக்கு நிகழ்ச்சி நல்லாய்ப் பிடித்ததாம், இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் நடக்குமாம், நான்தான் கேள்வி கேட்க வேண்டுமாம். நான் உடனே ஓம் என்றுவிட்டேன். அதோடு, ஜோசப்பின் அவருடைய கடையின் பின்னறையில் தையல் மெஷின் போடப் போகிறாளாம், வருகிற சனிக்கிழமை அவள்தான் விருந்தினராம்! ஆகவே நீர் அவளுக்கு ஒன்றும் சொல்லவேண்டாம், மேலே எழுதியதை மறந்துவிடும். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாளாம்: கேள்வி கேட்பது மாமி, மாமாவுக்கு மொழிபெயர்ப்பு மட்டும்தான். வேரோனிக்கா இப்போது கண்ணாடிக்கு முன்னால் நின்று சேலை பார்க்கிறாள். கூப்பிட்டால் திரும்புகிறாள் இல்லை.