மூன்று விலைமனுவும் ஒரு விளையாட்டுப் பெட்டியும்

பேரப்பிள்ளைகளுக்கு வீடியோ கேம் பெட்டி வாங்குவது சில்லறை வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். கடைக்குப் போகிறார்கள், விரலை நீட்டுகிறார்கள், தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நாடு இந்த நிலைமைக்கு வந்ததற்கு அப்படிப்பட்டவர்களே காரணம் என்பது, லிந்துலை பூமரத் தோட்டத்தின் ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர் சிவசாமியின் அபிப்பிராயம்.

முப்பத்துமூன்று வருஷம் தோட்டத்து ஆபீசை நடத்தியவர் அவர். தோட்டத்தை நிர்வகிக்கத் துரைமார் பதினோரு பேர் வந்தார்கள், போனார்கள். அவர் எழுதிய சுற்றுநிருபங்கள் மட்டும் போகவில்லை. அவற்றில் பேர்போனது ஏழாம் இலக்கம். தோட்டத்து விலாசத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். கண்ட நேரத்தில் ஆட்கள் வந்து தபால் கேட்டால் ஆபீஸ் என்னத்துக்கு ஆகும்? ஆகவே சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி முதல் மூன்று மணி வரை மட்டுமே கடிதம் வழங்கப்படும்.

ஒரு தடவை, கொழுந்து பறிக்கும் வேலாயியின் மகனுக்கு அரசாங்க வேலைக்கான இண்டர்வியூ கடிதம் வந்தது. திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்தது. வியாழக்கிழமை இண்டர்வியூ. சனிக்கிழமை கடிதம் கையில் கிடைத்தது. வேலாயி ஜன்னலுக்கு வெளியே நின்று அழுதபோது சிவசாமி கோபப்படவில்லை. "போகட்டும் விடு வேலாயி, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று தன்மையாகத்தான் சொன்னார்.

இப்போது அவருக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. மகள் நிஷாந்தி வத்தளையில் இருந்தாள். அவளுடைய பிள்ளைகள் சுமனும் தனுஜாவும் ஏப்ரல் விடுமுறைக்கு ஒரு வாரம் தங்குவதாக வந்து, இரண்டாம் நாளே கினிகத்தேனைக்குக் கிளம்பிவிட்டார்கள். அங்கே அவர்களுடைய அப்பாவைப் பெற்ற தாத்தா கேம் பெட்டி வாங்கி வைத்திருந்தார். ஒரு தாள் இல்லை, ஒரு கையெழுத்து இல்லை, சும்மா வாங்கிய பெட்டி! பிள்ளைகள் போன அன்று ராத்திரி சிவசாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஆகஸ்டில் அவர்களை ஒரு வாரமாவது பிடித்து வைக்க வேண்டும், அதற்குப் பெட்டி வேண்டும், முறைப்படி வேண்டும் என்று தீர்மானித்தார்.

தலவாக்கலையில் கேம் பெட்டி விற்பவர் பைஸர் ஒருவர்தான். அவர் வாட்ஸ்அப்பில் நான்கு பெட்டிகளின் படம் அனுப்பினார். சிவசாமி பஸ் பிடித்து நேரிலேயே போய்விட்டார்.

"வாட்ஸ்அப் ஆவணமாகாது பைஸர். எனக்கு மூணு கொட்டேஷன் வேணும். உறையில போட்டு, ஒட்டி."

"ஐயா, இந்த டவுன்ல நான் ஒருத்தன்தானே விக்கிறேன். மத்த ரெண்டுக்கு எங்க போறது?"

"அது உங்க பாடு. நான் கேக்கணும், அதுதான் விதி."

பைஸர் உலகம் தெரிந்தவர். தன் கடைக்கு ஒன்று, மச்சான் சிப்னாஸின் சீமெந்துக் கடைக்கு ஒன்று, மனைவி கமறியாவின் தையல் கடைக்கு ஒன்று என்று மூன்று விலைமனுவையும் தானே எழுதினார். தன்னுடையதில் விலையைக் குறைத்து, மற்ற இரண்டிலும் கூட்டிப் போட்டார். இந்த நாட்டில் பாலமே அப்படித்தான் கட்டுகிறார்கள்.

விலைமனுப் படிவம், தோட்டத்துக்கு மருந்தடிக்கும் டாங்கி வாங்கிய காலத்தில் சிவசாமி தயாரித்தது. பொருளின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். மிச்சத்தை மாற்ற மேலிடத்து அனுமதி வேண்டும். மேலிடம் எதுவென்று இப்போது தெரியவில்லை. ஆகவே பைஸர், பெட்டி முதுகில் சுமக்க இலகுவானது என்றும், மருந்து கசியாது என்றும், அட்டைப்பூச்சி ஏறாது என்றும் மூன்று தடவை எழுதி ஒப்பமிட்டார்.

கடைசித் திகதி புதன்கிழமை காலை பத்து மணி. விடியலில் சீமெந்து லொறியில் சிவசாமி வீட்டுப் பக்கம் போன சிப்னாஸ், தன் உறையையும் கமறியாவின் உறையையும் கொடுத்துவிட்டுப் போனார். பைஸர் தன்னுடையதைத் தானே கொண்டுவந்தார். வழியில் மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தது. அவருடைய ஆட்டோ வாசலில் நின்றபோது பத்து மணி பத்து நிமிஷம்.

"பிந்திடுச்சு" என்றார் சிவசாமி.

"ஐயா, என்னோடதுலதாங்க விலை கொறைவு. தெறந்துதான் பாருங்களேன்."

"பிந்தி வந்த உறையைத் தெறந்தா ஆபீஸ் என்னத்துக்கு ஆகும்?"

அடுப்படியிலிருந்து மனைவி பூரணி எட்டிப் பார்த்தாள். "இது ஆபீஸ் இல்லீங்க, வீடு."

அவளுடைய கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது. இரண்டு உறைகள் திறக்கப்பட்டன. குறைந்த விலை கமறியா தையல் கடையுடையது. அதன்படி, இரண்டு கைப்பிடியுள்ள வீடியோ கேம் பெட்டி ஒன்றை வழங்கும் பொறுப்பு, சட்டைக்குப் பொத்தான் வைக்கும் கடைக்கு ஒப்படைக்கப்பட்டது. கமறியா அதைத் தன் கணவரிடம் வாங்கி, தன் லாபத்தை வைத்து, சீட்டித் துணியில் சுற்றி அனுப்பினாள்.

பெட்டி வந்தது. பிள்ளைகளும் வந்தார்கள். சிவசாமி பெட்டியை அலமாரி மேல் வைத்தார்.

"தாத்தா, அது யாருக்கு?" என்று கேட்டாள் ஆறு வயது தனுஜா.

"உங்களுக்குத்தான் கண்ணு."

"அப்ப எடுத்துத் தாங்க."

"இன்னும் ஏற்பு ஆகலையே கண்ணு."

ஏற்புக்கு மூன்று கையெழுத்து வேண்டும். ஒன்று சிவசாமி. ஒன்று பூரணி, 'பிள்ளைகளுக்கு வாங்கினதப் பிள்ளைங்க கையில குடுக்க கையெழுத்து எதுக்கு' என்று கேட்டுக்கொண்டே போட்டுவிட்டாள். மூன்றாவது, சாதனத்தை இயக்கத் தெரிந்த ஒருவர். பைஸருக்குத் தெரியும், ஆனால் அவர் வழங்குநரின் கணவர். ஒன்பது வயது சுமனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவன் பயனாளி. ஆகவே ஹட்டனில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் மாஸ்டருக்கு அபிப்பிராயம் கேட்டுத் தபாலில் கடிதம் போனது.

வெளியே விடாத மழை. சுமன் மூன்று நாள் அலமாரியைப் பார்த்தபடி தாத்தாவிடம் கேள்வி கேட்டான். ஏன் மூன்று உறை? பிந்தினால் ஏன் திறக்கக் கூடாது? ஏன் வாட்ஸ்அப் கூடாது? சிவசாமி ஒவ்வொன்றுக்கும் விளக்கமாகப் பதில் சொன்னார். இவன் என் ரத்தம் என்று அவருக்கு உள்ளம் பூரித்தது. நான்காம் நாள் காலையில் பிள்ளைகள் கினிகத்தேனைக்குப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு சிவசாமி சும்மா இருக்கவில்லை. இரண்டு நினைவூட்டல் கடிதம் போட்டு, நவம்பரில் மாஸ்டரின் கையெழுத்தை வாங்கிவிட்டார். பெட்டியைப் பிரித்து, டீவியில் மாட்டி, மேசைக்குப் புது விரிப்பும் போட்டார். பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தத் தடவை நிப்பாங்கங்க" என்றாள். அவரும் அதை முழுமையாக நம்பினார்.

அந்த வாரச் சனிக்கிழமை, தோட்டத்து ஆபீசின் தபால் ஜன்னலில் வரிசையில் நின்று சிவசாமி ஒரு கடிதம் வாங்கினார். வத்தளையிலிருந்து வந்திருந்தது. கோடு போட்ட கொப்பித் தாள், குண்டு எழுத்து:

'விலைமனுக் கோரல். டிசம்பர் விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகள் தங்க வீடு தேவை. பெட்டி மேசையில் இருக்க வேண்டும். அலமாரி மேல் இருக்கக் கூடாது. அட்டை ஏறக் கூடாது. கடைசித் திகதி புதன்கிழமை காலை பத்து மணி. பிந்தினால் திறக்கப்படாது. வாட்ஸ்அப் ஆவணமாகாது. ஒப்பம்: சுமன், தலைவர்.' கீழே ஒரு பூப்படம். அது உறுப்பினர் தனுஜாவின் ஒப்பம்.

சிவசாமி உறையைத் திருப்பிப் பார்த்தார். ஆபீஸ் முத்திரையில் திங்கட்கிழமைத் திகதி இருந்தது.

"தம்பி, திங்கக்கிழமையே வந்திருக்கே?"

ஜன்னலுக்குள் இருந்த இளம் கிளாக்கர் தர்ஷன் எழுந்து நின்றான். "ஆமாங்க ஐயா. நீங்க போட்ட ஏழாம் இலக்கந்தாங்க. கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கோம்."

அந்த இடத்திலேயே வத்தளைக்குப் போன் போட்டார். சுமன்தான் எடுத்தான்.

"கண்ணு, தாத்தாவுக்கு உன் கடிதம் இப்பத்தான் கெடைச்சுது. எல்லாம் ரெடியா இருக்கு. பெட்டி மேசையிலதான் இருக்கு."

"பிந்திடுச்சே தாத்தா. கினிகத்தேனைத் தாத்தா செவ்வாய்க்கிழமையே அனுப்பிட்டார். அவர் வீட்டுக்கு போஸ்ட்மேன் வாசலுக்கே வருவாராம்."

"ஒரே ஒரு மனுதானே வந்திருக்கு?"

"ரெண்டு பேர்கிட்ட கேட்டோம் தாத்தா. கேக்கிறதுதானே விதி?"

பையன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. சிவசாமி போனைச் சட்டைப் பையில் வைத்தார்.

வரிசையில் அவருக்குப் பின்னால் வேலாயி நின்றாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"இண்டர்வியூ கடுதாசிங்களா ஐயா?"

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார்.

"போகட்டும் விடுங்கையா. அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

அவளும் தன்மையாகத்தான் சொன்னாள். அப்போது சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று ஆனதால், சுற்றுநிருபத்தின்படி தர்ஷன் ஜன்னலை மூடினான். வரிசையில் இன்னும் பதினேழு பேர் நின்றார்கள். ஒருவரும் எதுவும் கேட்காமல், அடுத்த சனிக்கிழமை வருவதாகப் பேசிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார்கள்.