முதல் மார்க் வாங்காத டியூபா

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே உன் அக்காள் சௌக்கியம், நான் பாதி சௌக்கியம், கீழ்வீட்டுப் பல் டாக்டர் அதிலும் பாதி. அங்கே நீயும் நீ நடத்தும் வாத்தியக் குழுவும் நலமாகவே இருப்பீர்கள். அடுத்த வீட்டுக் கூரையில் தீக்குச்சி எறிந்தவர்கள் பொதுவாக நலமாகத்தான் இருப்பார்கள்.

உன் குழுவில் சேர உன் அக்காள் ஆசைப்பட்டாள், சரி. புல்லாங்குழல் கொடுத்திருக்கலாம், ஒரு சின்ன மணியைக் கொடுத்துத் தட்டச் சொல்லியிருக்கலாம். நீயோ இருப்பதிலேயே பெரிய பித்தளை ஊதுகுழலைப் பார்த்து, "அக்காவுக்கு டியூபா" என்று சொல்லிவிட்டாய். உயரமான பையனை முன் பெஞ்சில் உட்காரவைத்தால் பின்னால் இருப்பவனுக்குப் போர்டு தெரியாது என்பது என் போன்ற எந்த வாத்தியாருக்கும் தெரியும். இப்போது என் வீட்டில் சோபாவில் டியூபா உட்கார்ந்திருக்கிறது, அதன் பின்னால் நான் இருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள்.

இந்த வயதில் இது எதற்கு என்று அவளிடம் கேட்டேன். "டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆயுசு பூரா மெல்லப் பேசித்தான் சம்பளம் வாங்கினேன். இனிமேயாவது கொஞ்சம் சத்தமா மூச்சு விட்டுக்கறேனே" என்றாள். நான் மணிபர்ஸை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

கடையில் மூன்று டியூபாக்கள் இருந்தன. நான் முறைப்படி மார்க் போட்டேன். தோற்றம், சுத்தம், பளபளப்பு, பெட்டியின் நேர்த்தி, இவைதானே அடிப்படை? புத்தம் புதிதாக, விலையும் குறைவாக இருந்த ஒன்று தொண்ணூற்றிரண்டு வாங்கி முதலாவதாக வந்தது. விரலால் அழுத்தும் வால்வு நான்கோடு இன்னொன்று. தூக்கினாலே முதுகு பிடித்துக்கொள்ளும், விலையைக் கேட்டால் நெஞ்சும் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது கறுத்து, நெளிந்து, மூன்று வருடம் ஒரே வகுப்பில் இருந்தவனைப் போல மூலையில் சாய்ந்திருந்தது. பதினெட்டு கொடுத்தேன். அதுவும் வகுப்புக்கு வந்ததற்காக.

"சார், இந்தப் புதுசுல முகம் பாத்துத் தலை வாரிக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"அவருக்கு வாரறதுக்கு என்ன இருக்கு, நீங்க வேற" என்றாள் உன் அக்காள். கடைக்காரர் என் தலையைப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவள் நீ சொல்லிக்கொடுத்த வித்தையை ஆரம்பித்தாள். வால்வை அழுத்தாமல், அதன் பக்கத்தில் செருகியிருந்த வளைகுழாயைச் சட்டென்று உருவினாள். என் முதல் மார்க்கிலிருந்து 'புஸ்' என்று வந்தது. மூலையில் கிடந்ததை உருவினாள். 'டொப்'. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதாங்க. காத்து ஒழுகல. மேல பள்ளம் இருந்தா என்ன, தம்பி சொல்லியிருக்கான். மலிவாப் புதுசு வாங்கினா தகடு மெலிசா இருக்குமாம், பார்ட்ஸும் கிடைக்காதாம். கத்துக்கறவங்களுக்கு நல்ல கம்பெனிப் பழசு, மூணு வால்வு, போதும்."

"தம்பி, தம்பி. மார்க் போட்டவன் நான் ஒருத்தன் இங்கே நிக்கறேன்" என்றேன்.

"நோட்டுக்கு அட்டை போட்டிருந்தாலே பத்து மார்க் போடற ஆளுதானே நீங்க" என்றாள், கடைக்காரர் முன்னால்.

கறுப்பு வீட்டுக்கு வந்தது. ஒரு வாரம் ஊதினாள். கீழே டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்த ஒருவர், மேலே கேட்ட சத்தம் அடுத்த அறை நோயாளியுடையது என்று நினைத்துப் பல்லோடு வீட்டுக்குப் போய்விட்டாராம். அதையும் பொறுத்துக்கொண்டேன். அதற்கு மேலும் ஒன்று செய்தேன். என்ன இருந்தாலும் நம் வீட்டுக்கு வந்தாகிவிட்டது, அழுக்காக இருக்க வேண்டாமே என்று, அவள் கடைக்குப் போயிருந்தபோது மூன்று வால்வுகளையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, துடைத்து, எண்ணெய் விட்டுத் திரும்பப் பொருத்தி வைத்தேன். அவளிடம்கூடச் சொல்லவில்லை. செய்த நல்லதைச் சொல்லிக்காட்டுகிற வழக்கம் எனக்கில்லை.

இவ்வளவு கவனித்த பிறகு அந்தக் கறுப்பு என்ன செய்தது தெரியுமா? வாயை மூடிக்கொண்டது. உன் அக்காள் ஊதுகிறாள், ஊதுகிறாள், கண் சிவக்கிறது, காற்று சுவரில் முட்டின மாதிரி அவள் முகத்துக்கே திரும்பி வருகிறது. இரண்டு நாளாக இதே கதை. பல் டாக்டர் மாடி ஏறி வந்து, "என்ன சார், சத்தத்தையே காணோம், வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்கள்ல?" என்கிறார், பல்லெல்லாம் தெரிய.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு ஊதக்கூடிய டியூபாவோடு வராவிட்டால் குழுவில் அவள் நாற்காலி வேறு ஒருவருக்கு என்று நீதான் சொன்னாயாம். கூடப்பிறந்த அக்காவிடம். அவள் இப்போது ஜன்னல் ஓரமாக, அந்தப் பித்தளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மெல்லக்கூடப் பேசவில்லை. எனக்குக் கோபம் உன் மேல் வருகிறது. பழசை வாங்கு, பள்ளத்தைப் பார்க்காதே, 'டொப்'பைக் கேள் என்று யார் சொன்னது? நீயே வந்து இந்தப் பதினெட்டு மார்க்கைத் தூக்கிக்கொண்டு போய், நான் தேர்ந்தெடுத்த தொண்ணூற்றிரண்டை வாங்கிக் கொடு. முடியாதென்றால் நாற்காலியையாவது அவளுக்காக வை. இரண்டும் முடியாதென்றால் இந்தப் பக்கம் சாப்பிட வராதே.

உனக்கும் உன் மனைவிக்கும் என் ஆசிகள். உன் யோசனைகளுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்

பி.கு.: உறையை ஒட்ட உன் அக்காளிடம் பசை கேட்டுப் போனேன். "என்னங்க, இதோட வால்வு மூணும் புதுசா மின்னுதே, தொட்டீங்களா?" என்றாள். தொட்டேன் என்றேன். அவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் பொறித்திருக்கிறதாம். ஒரே வகுப்புப் பிள்ளைகள்தானே, எங்கே உட்கார்ந்தால் என்ன என்று நான் மாற்றி உட்காரவைத்திருக்கிறேன். இடம் மாறினால் காற்றுக்கு வழியில்லையாம். மாற்றிப் போட்டு ஊதினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டாக்டர் கீழிருந்து கம்பால் தட்டுகிறார், இவள் அதையே தாளமாக வைத்துக்கொண்டு ஊதுகிறாள். ஆகவே ஞாயிறு வருகிறோம், டியூபாவை நான் தூக்கி வருகிறேன், நீ சாப்பிட வா. மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். கிழித்திருப்பேன், கையெழுத்து இவ்வளவு அழகாக அமைந்துவிட்டதால் மனம் வரவில்லை. அதற்கு மட்டும் மார்க் போடு.