புதுக் கார்பன்

எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் ரகசியம் சொல்வதில்லை. கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை. இளவயதில் நான் பண்ணிய காரியம் அப்படி.

பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ் ஏறிப்போய், ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த மூன்றாவது வாரம். அதுவரை அங்கே கடிதமெல்லாம் கையால் எழுதியவர் ஹெட்கிளார்க் ஷாமண்ணா. நான் வந்ததும் அவர் மேஜையில் வேலையே இல்லாமல் போய்விட்டது. (நானோ, என் தடதட சத்தத்தில்தான் ஆபீசே ஓடுகிறது என்ற நினைப்பில் இருந்தேன்.)

ஒருநாள் மேனேஜர், "கான்ஃபிடென்ஷியல்" என்று சொல்லி, தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். டைப்பிஸ்ட் வந்துவிட்டதால், இருபத்திரண்டு வருஷமாக இருக்கும் ஷாமண்ணா இனித் தேவையில்லை என்று அதில் இருந்தது. அவர் மேஜையை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஆனாலும் அடித்தேன். நகல் பளிச்சென்று விழட்டும் என்று புத்தம்புதுக் கார்பனை வைத்தே அடித்தேன். கடிதத்தையும் நகலையும் மேனேஜரிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, கார்பனை என் மேஜையிலேயே போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். ஒரே தடவை அடித்த கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால் கடிதம் முழுக்கப் படிக்கலாம்; பல தடவை அடித்த பழையதில் எழுத்தின்மேல் எழுத்து விழுந்து ஒன்றும் புரியாது. டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லித்தான் அனுப்பினார்கள். (அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு நான் வேடிக்கை பார்த்திருப்பேன்.)

திரும்பி வந்தால், ஷாமண்ணா ஜன்னலோரம் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் சத்தம் போடவில்லை.

"ஒரு தப்பு இருக்கும்மா. இருபத்திரெண்டு இல்ல, இருபத்திமூணு வருஷம். திருத்திடு."

அழுதுகொண்டே மேனேஜரிடம் ஓடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"உன் வேலையும் போகும், தெரியுமா?" என்று கத்தினார்.

பின்னாலேயே வந்த ஷாமண்ணா, "இர்லி சார், இருக்கட்டும் விடுங்க. சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிட்டா" என்றார். மேனேஜர் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

மறுநாள் வேறு கடிதம் கொடுத்தார். புது டைப்பிஸ்டுக்குப் பொறுப்பு போதாது, அவள் அடிப்பதைச் சரிபார்க்க ஷாமண்ணா அவசியம் வேண்டும் என்று. அதையும் நான்தான் அடித்தேன். என் மானத்தை நானே மூன்று பிரதி எடுத்துக் கப்பலேற்றினேன். ஷாமண்ணா பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "இதுக்காவது பழைய கார்பன் போடும்மா."

இப்போது வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் என் மகள் போனில் குசுகுசுக்கும்போது நான் உள்ளே நுழைந்தால் போதும். "அம்மா வந்தாச்சு, பழைய கார்பன் போடு!" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்த இருபத்திமூன்று வருஷத்தை நினைத்தால் மட்டும் என் சிரிப்பு நின்றுவிடும்.