மயில் போட்ட மஞ்சப்பை

"பை எங்கண்ணே?" என்று கேட்டார் கடைக்காரர் பிரின்ஸ்.

கல்லாவுக்கு முன்னால் தக்காளி, கத்தரிக்காய், முட்டை, கொத்தமல்லி, நல்லெண்ணெய்ப் பாட்டில் எல்லாம் எடைபோட்டு முடிந்து வேல்பாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தன.

பை இல்லாமல் இல்லை. வெளியே நிற்கிற சைக்கிளில், சீட்டுக்கு அடியில் மடித்துச் சொருகியிருந்தது. அதை வெளியே எடுப்பதும் பாம்புப் புற்றுக்குள் கையை விடுவதும் அவனுக்கு ஒன்றுதான்.

"பை கொண்டாரல தம்பி. ஒரு கேரி பேக்குல போட்டுக் குடு."

"கேரி பேக்கா? அல்லிநகரம் பூரா நகராட்சி ஆளுக சுத்திக்கிட்டு இருக்காக. துணிப்பை விக்கிறதுக்கு வச்சிருந்தேன், மத்தியானமே தீந்துருச்சு." பிரின்ஸ் ஒரு மாதிரியாகச் சிரித்தார். "ஆனாலும் ஒங்களுக்கே பை இல்லைன்னா எப்படிண்ணே?"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வேல்பாண்டிக்கு வேர்த்துவிட்டது. இவருக்குத் தெரிஞ்சு போச்சா?

விஷயம் இதுதான். போன வாரம் தேவதானப்பட்டியில் ஒரு கல்யாணம். வேல்பாண்டியின் பெண்டாட்டி நாகஜோதிக்குக் கூடப் பிறந்தவன் ஒரே தம்பி, சுருளிராஜன். வாழைக்காய் வியாபாரி. அவன் மகள் உமாதேவிக்குத்தான் கல்யாணம். சாமிக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை அக்கா வீட்டுக்கு வரவேண்டும், அதுதான் வழக்கம். சுருளிராஜன் மாமனார் வீட்டில் முதலில் வைத்துவிட்டு மறுநாள் இங்கே வந்தான். நாகஜோதி கதவைச் சாத்திவிட்டாள். அவன் கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போன பத்திரிகையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே அடுப்பில் போட்டாள்.

அதோடு விட்டாளா? வேல்பாண்டியைக் கூட்டிக்கொண்டு வீரபாண்டிக்குப் போய், கௌமாரியம்மன் சந்நிதியில் சூடம் கொளுத்தினாள்.

"ஆத்தா, எங்க வீட்டு ஆளு யாராச்சும் அந்தக் கல்யாணத்துல கை நனைச்சா, அன்னைக்கோட நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். கடமலைக்குண்டுல எங்க சின்னம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

வீட்டில் இருப்பதே அவனும் அவளும்தான். அம்மனைப் பார்த்துச் சொன்னாலும் அது யாருக்குச் சொன்ன சொல் என்று வேல்பாண்டிக்குத் தெரியாதா? கடமலைக்குண்டுக்கு அவள் முன்னால் ஒரு தடவை கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள். திரும்பக் கூட்டி வருவதற்குள் இவன் டீயும் பன்னும் தின்றே பாதி ஆளாகிப் போனான். மூட்டை தூக்கிவிட்டு வந்து இருட்டு வீட்டைத் திறக்கிறபோது வருகிற பயம் இருக்கிறதே, அது பட்டவனுக்குத்தான் தெரியும். இந்தத் தடவை நடுவில் சாமி வேறு இருக்கிறது. போனால் போனதுதான்.

எல்லாம் தெரிந்தும் போனான். உமாவைச் சின்னப் பிள்ளையில் தோளில் தூக்கி வைத்துத் திருவிழாவில் ராட்டினம் காட்டியவன் அவன். மாலையும் கழுத்துமாக ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று மண்டபத்தின் பின்பக்கமாக நுழைந்தான். சமையல்காரர்களின் அண்டாவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். கடைசிப் பந்தியில் முக்காடு போட்டதுபோல் துண்டைப் போர்த்திக்கொண்டு சாப்பிட்டான். கூட மூட்டை தூக்கும் ராக்கையா, தாம்பூலப் பை ஒன்றைக் கொண்டுவந்து கையில் திணித்தான். மஞ்சள் துணி. இரண்டு மயில். சிவப்புச் சிவப்பாக எழுத்து. அதைத்தான் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான்.

முன்னே மாதிரி இருந்தால் பயமில்லை. அவனுக்கும் எழுத்துத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இரண்டு பேரும் நிறத்தைப் பார்த்துத்தான் பஸ் ஏறுவார்கள். இந்த வருஷம் நாகஜோதி முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டப் பழகிவிட்டாள். அதிலிருந்து அவள் கண்ணில் படுகிற எதுவும் தப்பிப்பதில்லை. சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியிலிருந்து உப்புப் பாக்கெட் வரைக்கும் நிறுத்தி நிதானமாக வாசித்த பிறகுதான் விடுகிறாள்.

செல்போன் அடித்தது. நாகஜோதிதான்.

"என்னங்க, எங்கன இருக்கீக? சட்டி காயுது. கொத்தமல்லிய நசுக்காமக் கொண்டாங்க."

"இந்தா வந்துட்டேன்த்தா."

அவன் முகத்தைப் பார்த்துப் பிரின்ஸுக்கே பாவமாக இருந்தது. அரிசி மூட்டைக்கு அடியில் கையை விட்டு ஒரு கறுப்புக் கேரி பேக்கை உருவினார். "கடைசிப் பை. வெளிய தெரியாமக் கொண்டு போயிருங்க."

வேல்பாண்டி அதைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு கடைப் படியை விட்டு இறங்கினான். எதிரில் நகராட்சி ஜீப் நின்றது. இறங்கி வந்த அதிகாரி அம்மாவின் கண் நேராக அவன் வயிற்றுக்குத்தான் போனது.

"சட்டைக்குள்ள என்ன?"

"முட்டைங்க."

"முட்டை ஏன் சரசரங்குது?"

பையைப் பிடுங்கினார்கள். போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ, கொடுத்தால் நாகஜோதிக்குப் போன் போகுமோ, அவள் வந்தால் சைக்கிளைப் பார்ப்பாளோ என்று வேல்பாண்டியின் நினைப்பு எங்கெங்கோ ஓடியது.

"பேரு?"

"வே... வேல்பாண்டிங்க. கோடாங்கிபட்டி."

"இந்தத் தடவை விடுறேன். இனிமே பிளாஸ்டிக் பையோட பாக்கக் கூடாது." அந்த அம்மா ஜீப்புக்குள் குனிந்து ஒரு துணிப்பையை எடுத்தார். "இந்தாங்க, இதுல போட்டுக்கங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து குடுத்தாரு."

மஞ்சள் துணி. இரண்டு மயில்.

வேல்பாண்டி பேயைக் கண்டவன்போல் பின்வாங்கினான். அந்த அம்மா பையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடியும் பையைப் பார்த்தார். "வேல்பாண்டின்னா சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்ப ஒங்களுக்குப் பொருத்தமான பைதான்."

நகராட்சி வரைக்கும் செய்தி போய்விட்டது! ஒளிந்து ஒளிந்து தின்ற ஒரு பந்திச் சோற்றை ஊரே பார்த்துக்கொண்டா இருந்தது?

ஒளித்து வைத்தது ஒன்று, கையில் கொடுத்தது ஒன்று. இப்போது அவனிடம் இரண்டு பை. சாமானைப் புதுப் பையில் போட்டு அதைத் துண்டால் மூடிக்கொண்டு வாழைக்காய் மண்டிக்குச் சைக்கிளை மிதித்தான். ராக்கையா ஒரு தாரின் மேல் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே ராக்கையா, ஒம்பையக் குடுறா. பதிலுக்கு ரெண்டு பை தாரேன்."

"தாராளமா எடுத்துக்க மாமா." ராக்கையா ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்து நீட்டினான்.

இரண்டு மயில்.

"வேற இல்லையாடா?"

"வேறயா? சுருளிராஜன் வியாபாரி, மண்டி பூராத்தையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டான். சுத்திப் பாரு."

வேல்பாண்டி சுற்றிப் பார்த்தான். எடைக்காரர் கையில் மயில். டீக்கடைத் தூணில் மயில். சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டு லாரியில் ஏறிய கேரளா டிரைவர்கூட மயில் பையை ஆட்டிக்காட்டி, "நல்ல பேக் ஆணு சேட்டா!" என்றான்.

"எவன் கையில பாத்தாலும் ஒம்பைதான் மாமா," என்று ராக்கையா கண்ணடித்தான்.

"என் பையின்னு சொல்லாதடா! காத்துக்குக் காது இருக்கு."

சீட்டுக்கு அடியில் இருந்த பையை உருவி உள்வெளியாகத் திருப்பினான். எழுத்து துணியைத் தாண்டி இந்தப் பக்கமும் தெரிந்தது. அன்றைக்கு வெட்டிப் போட்ட தார் ஒன்றின் காம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பால் வடிந்துகொண்டிருந்தது. வேல்பாண்டிக்கு உயிர் வந்தது. வாழைக்கறை! எத்தனை சட்டையைத் தின்ற கறை! சவக்காரம் போட்டாலும் போகாது, வெயிலில் போட்டாலும் போகாது. காயக் காயக் கறுக்கும். அதற்கு முன்னால் எந்த எழுத்து நிற்கும்?

பையை நேராகத் திருப்பிப் போட்டுக் காம்பால் தேய்த்தான். மேலே எழுத்தெல்லாம் கட்டை விரல் தண்டிக்கு இருந்தது. கீழே பொடிப் பொடியாக எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வரி. விவரமெல்லாம் பொடி எழுத்தில்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, அங்கேதான் ரொம்ப அழுத்தித் தேய்த்தான்.

"மாமா, அத ஏன் மாமா தேய்க்கிற?" என்று ராக்கையா வாயைப் பிளந்தான்.

"பொழைக்கணும்ல!"

மிச்சம் இரண்டு பையையும் அவன் தலையிலேயே போட்டுவிட்டு, கறைப் பையில் சாமானை மாற்றிக்கொண்டு கோடாங்கிபட்டிக்கு மிதித்தான். வழியெல்லாம் எதிரில் வருகிறவர்கள் கையைத்தான் பார்த்தான். மயில், மயில், மறுபடியும் மயில்.

வீட்டு வாசலில் இறங்கி, டியூப்லைட் வெளிச்சத்தில் பையைப் பார்த்தான். பொடி எழுத்து இரண்டு வரியும் கறைக்குள் முழுகிப் போயிருந்தது. ஆனால் மேலே இருந்த பெரிய எழுத்து கெட்டி மை. அதில் கறை ஏறவே இல்லை. சுற்றியிருந்த துணி கறுத்துப் போக, சிவப்பு எழுத்து மட்டும் தீப்பிடித்த மாதிரி எரிந்தது.

ஓடிவிடலாமா என்று திரும்புவதற்குள் நாகஜோதி பையை வாங்கிவிட்டாள்.

"இது என்ன எழுத்து?" என்று வெளிச்சத்தில் பிடித்தாள். "சு... ரு... ளி..."

ஒவ்வொரு எழுத்துக்கும் வேல்பாண்டிக்கு ஒரு சொட்டு உயிர் போனது.

"சுருளி... ரா... ஜ... ன். சுருளிராஜன். இ... ல்... ல..."

"கத்தரிக்கா வாடுது நாகஜோதி..."

"இல்லத்... திரு... ம... ணம்." அவள் நிமிர்ந்தாள். "ஏதுங்க இந்தப் பை?"

"மண்டியில கெடந்துச்சு. அப்படியே எடுத்தாந்தேன்."

"கெடந்த பைக்கு எதுக்குக் கறை பூசுனீக?"

வேல்பாண்டி துண்டை எடுத்துக் கறையைத் துடைக்கப் பார்த்தான்.

"போனீகளா?"

தலை தானாக ஆடியது.

"கை நனைச்சீகளா?"

"கடைசிப் பந்திதான்..."

"கடைசிப் பந்தின்னா சாமிக்குத் தெரியாதா?" நாகஜோதி குரல் உடைந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு சின்னக் குரலில் கேட்டாள். "உமா எப்படி இருந்தா?"

"ஒன்னைய மாதிரியே இருந்தா. ஒன்னோடது மாதிரியே மூக்குத்தி. அண்டாவுக்குப் பின்னால நின்னுதான் பாத்தேன். தலைதான் தெரிஞ்சுச்சு."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சரி, தப்பித்தோம் என்று வேல்பாண்டி மூச்சு விட்டான். நாகஜோதி உள்ளே போய், முட்டையையும் எண்ணெயையும் எடுத்து வைத்துவிட்டு, தக்காளியையும் கத்தரிக்காயையும் தரையில் கொட்டினாள். கொடியில் கிடந்த சேலைகளை உருவினாள்.

"என்னத்தா பண்ற?"

"ஆத்தாகிட்டச் சொன்ன சொல்லு. கடமலைக்குண்டுக்குக் கடைசி பஸ் இருக்கு."

"நாகஜோதி, தெரியாமப் பண்ணிட்டேன். சூடத்த அணைச்சுப் பரிகாரம் ஏதாச்சும்..."

"சாமி சூடமா, அணைக்கிறதுக்கு?" அவள் சேலைகளை அந்தக் கறைப் பைக்குள்ளேயே திணித்தாள்.

"அந்தப் பையிலயா போற?"

"வேற பை ஏது வீட்டுல?"

வேல்பாண்டி வாசலை மறித்து நின்றான். டீயும் பன்னும் கண் முன்னால் வந்து போயின. நாகஜோதி பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வழி விடுங்க," என்றாள். ஆனால் அவளும் நகரவில்லை.

அப்போது பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் முருங்கைக்கீரையோடு வேல்பாண்டியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் கையிலும் இரண்டு மயில். கறை படாத, பளிச்சென்ற மயில். கண்ணீரோடு நிற்கிறவளையும், வழி மறித்து நிற்கிறவனையும், கறைப் பையில் பிதுங்கிய சேலையையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குடி ஒங்க கூத்து. நானே கேக்கணும்னு இருந்தேன்." கீரையை எடுத்து வைத்துவிட்டு, தன் பையை விரித்து, கீழே இருந்த பொடி எழுத்தில் விரலை வைத்தாள். "'வந்து வாழ்த்துனதுக்கு நன்றி, இப்படிக்கு அத்தை நாகஜோதி, மாமா வேல்பாண்டி'ன்னு ஒந்தம்பி பை அடிச்சு ஊருக்கே குடுத்திருக்கான், நன்றி சொன்ன நீங்க ரெண்டு பேரும் அன்னைக்கு எங்கடி போனீக?"