ஆறாம் நம்பர் பெட்டி

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. இன்று இதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் இருந்தது. என் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) போடியில் ஏலக்காய் வியாபாரி. மூட்டை வாயில் கிடக்கிற காயைப் பார்த்து ஏமாறாதே, அடிவரைக்கும் கையை விட்டுப் பார் என்பார். அவர் மூட்டைகளோடு நிறுத்திக்கொண்டார். நான் மனிதர்களிடமும் அதையே செய்தேன். (பஸ்ஸில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் உடனே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.)

படிப்பு முடிந்ததும் ஊரிலேயே ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தேன். ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு என் பொறுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் 'ஏ' பிரிவு, மல்லிகா டீச்சர். சிலமலையிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். அவரும் தற்காலிகம்தான். எங்கள் இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்கப்போகிறார்கள் என்று ஆபீஸில் பேச்சு அடிபட்டது. அப்படியிருந்தும் அவர் என்னிடம் நன்றாகப் பேசினார். ஒரு மனிதனுக்குச் சந்தேகம் வர இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த வருஷம் பள்ளி விழாவுக்குத் தலைமையாசிரியை ஒரு சுற்றறிக்கை விட்டார். தின்பண்ட ஸ்டால் எதுவும் கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் புத்திக்கும் விருந்து வைத்தால் போதும். (அதற்கு முந்தைய வருஷம் பேல்பூரி ஸ்டால் போட்டு, மறுநாள் பாதிப் பள்ளி லீவு.) ஆசிரியர்கள் விழித்தார்கள். வடை, பஜ்ஜி இல்லாமல் ஸ்டால் என்றால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் மருதாணி என்றார், இன்னொருவர் கைரேகை என்றார்.

எனக்கு மட்டும் அருமையான யோசனை வந்தது. 'மலையின் சத்தம்'. இருட்டறையில் உட்கார வைத்து, சத்தத்தைக் கேட்டு என்னவென்று சொல்லச் சொல்வது. கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு திணறுவது, ஏலச்செடி இலையில் மழை விழுவது, முறத்தில் காய் புடைப்பது எல்லாவற்றையும் போனில் பதிவு செய்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, தேவாரம் ஊரில் இருக்கும் என் சித்தப்பா மகன் தோட்டத்துக் கொட்டகைக்குள் நடுங்கியபடி பதிவு செய்து அனுப்பிய யானைப் பிளிறல் ஒன்று கையில் இருந்தது. இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று முப்பத்தெட்டு பிள்ளைகளிடமும் சத்தியம் வாங்கினேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மல்லிகா டீச்சர் வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"சார், ஒங்க யானையை எத்தனை மணிக்குப் போடுவீங்க?"

யானை வெளியே போய்விட்டது. எவனோ, எவளோ விற்றுவிட்டார்கள். அன்று மதியம் கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக விசாரித்தேன். வகுப்புத் தலைவி பானுவின் சித்தி மகள் 'ஏ' பிரிவில் படிப்பது தெரிந்ததும், பானுவை மட்டும் இரண்டு தடவை விசாரித்தேன். அவள் அழவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

அதற்குள் 'ஏ' பிரிவின் ஜன்னல்களில் கறுப்புத் துணி ஏறியது. என் அறையிலும் கறுப்புத் துணிதான். பிள்ளைகள் பை பையாக எதையோ ஒளித்துக்கொண்டு உள்ளே போனார்கள். என் ஸ்டாலைத்தான் அப்படியே காப்பியடிக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

விழா அன்று காலை, திறப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், 'ஏ' பிரிவுப் பிள்ளைகள் எல்லாரும் பிரேயருக்குப் போயிருந்த சமயம் உள்ளே நுழைந்தேன். ஸ்பீக்கரில் மாட்ட வேண்டிய போன் என் சட்டைப் பையிலேயே இருந்தது. (போனை வகுப்பில் விட்டு வர எனக்கென்ன பைத்தியமா?)

உள்ளே ஸ்பீக்கரே இல்லை. சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி டெஸ்க்குகளை வரிசையாகப் போட்டு, முன்பக்கம் தரைவரை துணி தொங்கவிட்டிருந்தார்கள். மேலே எண் போட்ட அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் கை நுழையும் அளவுக்கு வட்ட ஓட்டை. பின்பக்கம் திறந்து கிடந்தது. டெஸ்க்குக்குப் பின்னால் புகுந்து பார்த்தேன். ஒன்றில் குருவிக்கூடு, இன்னொன்றில் மரப்பட்டை, அடுத்ததில் ஈரக் களிமண். தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

நிம்மதியாகக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் ஆறாம் நம்பர் பெட்டி மட்டும் காலியாக இருந்தது. டிவி வந்த பெரிய அட்டைப்பெட்டி. இதை ஏன் காலியாக வைத்திருக்கிறார்கள்? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் காலடிச் சத்தம். ஒரே வாசல். குனிந்தேன். சுவருக்கும் டெஸ்க்குக்கும் நடுவில் முட்டி போடத்தான் இடம் இருந்தது; முட்டி போட்டால் தலை டெஸ்க்குக்கு மேலே நின்றது. ஆகவே தலையை ஆறாம் நம்பர் பெட்டிக்குள் விட்டேன்.

வந்தவர்கள் மூன்று பேர். மல்லிகா டீச்சர், தலைமையாசிரியை, பள்ளித் தாளாளர். தாளாளர் மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். கண்ணை மூடிக்கொண்டு காயைத் தொட்டால் எந்த எஸ்டேட் என்று சொல்லுவார் என்று பெயர். விழா தொடங்குமுன் ஒரு சுற்று பார்க்க வந்திருக்கிறார்.

ஐந்து பெட்டியையும் அவர் சரியாகச் சொன்னார். ஒவ்வொரு விடைக்கும் தலைமையாசிரியை கைதட்டினார். பெட்டிக்குள் என் வியர்வை சொட்டு சொட்டாக விழுந்தது.

"ஆறாவதுல உசுரோட ஒண்ணு இருக்குங்கய்யா," என்றார் மல்லிகா டீச்சர். "பயப்படாமத் தொடுங்க. கடிக்காது."

ஓட்டை வழியாக ஒரு கை வந்தது. முதலில் என் தாடி. அந்தக் கை அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தது.

"தேங்கா நாரு," என்றார் தாளாளர். பிறகு, "இல்லையே, சூடா இருக்கே," என்றார்.

கை மேலே ஏறி மூக்கைப் பிடித்தது. லேசாகத் திருகியது. நான் மூச்சை நிறுத்தினேன்.

"நல்லா அமுக்கிப் பாருங்கய்யா," என்றார் மல்லிகா டீச்சர்.

அவர் அமுக்கினார். நான் பின்வாங்கப் பார்த்து, முட்டி வழுக்கி, நெஞ்சு டெஸ்க் விளிம்பில் இடித்தது. சட்டைப் பையிலிருந்த போன் அமுங்கியது. அறை முழுக்க யானை பிளிறியது.

தாளாளர் மலையில் யானையை நேரில் பார்த்தவர். அவர் போட்ட சத்தத்தை நான் எழுதினால் இன்றும் மரியாதைக் குறைவாகிவிடும். கையை உருவ முடியாமல் பெட்டியோடு இழுத்தார். பெட்டி அவர் பக்கம் போனது. டெஸ்க்குக்கு மேலே என் தலை மட்டும் தனியாக இருந்தது. யானை மூன்றாவது தடவை பிளிறிவிட்டு ஓய்ந்தது.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "குட் மார்னிங் சார்," என்றேன்.

ஆபீஸ் அறையில் விசாரணை நடந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன், பொய் எதுவும் பொருந்தவில்லை. மல்லிகா டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மூணு நாளா செவத்துக்கு அந்தப் பக்கம் யானை கத்துது சார். தெருவுக்கே கேக்குது. ஆறாவது பெட்டிக்கு ஒரு மொசக்குட்டி கொண்டாரச் சொல்லியிருந்தேன். சத்தத்துக்கு மெரண்டுரும்னுதான் நேரம் கேட்டேன்."

நான் பானுவிடம் மன்னிப்புக் கேட்க என் வகுப்புக்கு ஓடினேன். அங்கே அதற்குள் கூட்டம். போன் இல்லாததால் பிள்ளைகள் துணிக்குப் பின்னால் நின்று எல்லாச் சத்தத்தையும் வாயாலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள். பானுதான் ஜீப்பு. இரண்டாம் கியரில் ஏறி, திணறி, நின்று, பின்னால் உருண்டாள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பதிவு செய்ததில் அந்தத் திணறல் இல்லை. மன்னிப்பைக் கேட்டதும், "பரவாயில்ல சார், வெரசா போங்க, யானைக்கு ஆள் இல்ல," என்றாள். அன்று சாயங்காலம் வரை நான் யானையாக இருந்தேன்.

நிரந்தர வேலை மல்லிகா டீச்சருக்குப் போனது. அது நியாயம்தான். என்னை வெளியே அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். மறுவாரம் தாளாளர் கூப்பிட்டார். என் மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலைமையாசிரியையிடம், "இம்புட்டு சந்தேகப்படுற ஆளுக்கு ஏத்த சோலி ஒண்ணு நம்மகிட்ட இருக்குல்லம்மா," என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பள்ளியின் பரீட்சைப் பொறுப்பாளர் நான்தான். என் ஹாலில் எவனும் பிட் அடித்ததில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவே இல்லை. முயல்குட்டி வந்துவிட்டதா என்று பார்க்காமலா மல்லிகா டீச்சர் கையை விடச் சொன்னார்? 'நல்லா அமுக்கிப் பாருங்க' என்று எந்த முயலுக்குச் சொல்லுவார்கள்? பல தடவை கேட்டுவிட்டேன். டீ குடிக்கிறீங்களா சார் என்பார்.

என் கல்யாணத்துக்கு வந்து ஒரு பெரிய பரிசுப்பெட்டி கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், வண்ணக் காகிதம் சுற்றிய அதன் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன், காதை வைத்துக் கேட்டேன். கல்யாணமாகி ஒரு நாள்கூட ஆகாத என் மனைவி கொஞ்ச நேரம் என்னையே கவனித்துவிட்டு, சட்டென்று கையை உள்ளே விட்டு, அட்டையைக் கிழித்து ஒரு சுவர்க்கடிகாரத்தை எடுத்தாள். ஏன் பயந்தீர்கள் என்று கேட்டாள். முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

இப்போது வீட்டுக்கு எந்தப் பார்சல் வந்தாலும், எந்தப் புது ஆள் வந்தாலும், என் மகள் உட்பட எல்லாரும் ஒதுங்கி நின்று எனக்கு வழிவிடுவார்கள். "நீங்க மொதல்ல சந்தேகப்பட்டு முடிங்க," என்பாள் மனைவி. "பெறகு நான் தொறக்குறேன்."