பத்தாயிரம் பார்வை

விளம்பரம் ஓடியது. எங்கள் தெருவுக்குள்ளேயே ஓடியது. கோளாறு அதுதான்.

திருத்தங்கலில் காலண்டர் அச்சகம் வைத்திருக்கிறேன். ஆடிப்பெருக்கன்று புது வருஷக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகப் போட்டேன். ஆவணி வந்தும் ஒரு ஆர்டர் இல்லை. இந்த சீசன் போனால் மிஷினுக்குப் போர்வை போர்த்த வேண்டியதுதான்.

"செல்லுல விளம்பரம் போடலாங்க. நான் பாக்கட்டா?" என்றாள் என் பெண்டாட்டி.

"நீ அடுப்பைப் பாரு."

நானே போட்டேன். என் போட்டோவோடு. 'எங்கே காட்ட வேண்டும்?' என்று செல் கேட்டது. 'இங்கே' என்று அமுக்கினேன். வேறென்ன சொல்வது?

நாலே நாளில் பார்வை பத்தாயிரம். பனியனுக்குள் மார்பு அடங்கவில்லை.

பக்கத்து அச்சகம் நாகையா வந்தார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

"என்னய்யா?"

"பாட்டுக் கேக்கத் தொறந்தா நீங்க. சமையல் பாக்கத் தொறந்தா நீங்க. கந்த சஷ்டி கவசத்துக்கு நடுவுலயும் நீங்க. பேரன் பயந்துபோயி சோறு திங்க மாட்டேங்கான்."

"ஒரு ஆர்டர் குடுத்தா என்ன?"

"நானே காலண்டர்தான அடிக்கேன்! தெருவே அதைத்தான அடிக்கி!"

உள்ளேயிருந்து பெண்டாட்டி வந்தாள். கை நிறைய மிளகாய் வத்தல். என் தலையைச் சுற்றினாள்.

"எதுக்குடி?"

"பத்தாயிரம் பார்வை பட்டிருக்குல்ல. கண்ணுபட்டுரும்."

"பத்தாயிரம் பேருடி!"

"பேரு இல்லீங்க, தடவை. செல்லைக் குடுங்க. இந்தா, பாத்தது மொத்தம் அம்பதே பேரு. ஆளுக்கு எரநூறு தடவை. ஒரே கதவை எரநூறு தடவை தட்டுனா ஆர்டரா குடுப்பாக? வெளக்கமாறுதேன் வரும்."

"இப்ப என்ன செய்ய?"

"அடுப்பைப் பாருங்க. பால் பொங்குது."

பாலை இறக்குவதற்குள் வேலையை முடித்துவிட்டாள். தெருவை நீக்கி வெளியூர்களைப் போட்டாள். ஆளுக்கு ரெண்டு தடவைக்கு மேல் காட்டக்கூடாது என்று செல்லுக்கு உத்தரவு. என் போட்டோ இருந்த இடத்தில் மயில்மேல் முருகன்.

"என் மூஞ்சிக்கு என்ன குறை?"

"முருகனைப் பாத்தா கும்புடுவாக. ஒங்களைப் பாத்தா பிள்ளைக அழுகுது."

அந்த வாரமே மிஷின் ஓட ஆரம்பித்தது. காதுக்கு நல்ல சத்தம். முதலில் கூப்பிட்டவர் கோவில்பட்டி நகைக்கடைக்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சொல்லுங்க. முதலாளிதான் பேசுறேன்."

"வெளையாடாதீக பெரியவரே. முதலாளி பேரு விளம்பரத்துலயே போட்டிருக்கு. போனைச் செல்லக்கனி அம்மாகிட்ட குடுங்க."